சாய்ந்து நிற்கும் பிக்கப்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புகள் மூன்று. நெக் பக்கம் இருப்பதும் நடுவில் இருப்பதும் தந்திகளுக்குக் குறுக்கே நேராக நிற்கின்றன. பிரிட்ஜ் ஓரத்தில் இருப்பது மட்டும் சாய்ந்திருக்கிறது. மெல்லிய தந்திகளின் பக்கம் பிரிட்ஜை ஒட்டியும் தடித்த தந்திகளின் பக்கம் சற்று விலகியும் நிற்கும். 1954-இல் வந்த அமைப்பு இது. இன்று கடையில் தொங்கும் மலிவான நகல் வரை பெரும்பாலும் அதே அமைப்புதான்.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். “மெல்லிய தந்திக்குக் கூர்மை, தடித்த தந்திக்குக் கனம்.” பதில் சரிதான். ஆனால் ஒரு விஷயம் உதைத்தது. கனம் வேண்டுமென்றால் நெக் பிக்கப் இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் போதும். கூர்மைக்காகவே வைத்த பிக்கப்பில், தடித்த தந்திகளுக்கு மட்டும் கனம் சேர்க்க யார் மெனக்கெட்டது? எப்போது?

வரலாற்றுக்குப் போகும் முன் அந்தச் சாய்வு காதுக்கு எவ்வளவு வித்தியாசம் தருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. ஒரு தேக்குப் பலகையில் இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து, 648 மிமீ நீளத்துக்கு ஒரே ஒரு தந்தி கட்டினேன். ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டுக்கு வைத்த அளவு அதுதான், இருபத்தைந்தரை அங்குலம். பழைய சிங்கிள் காயில் பிக்கப் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, தந்திக்குக் கீழே கையால் நகர்த்திக்கொண்டே மீட்டினேன். டியூப்லைட்டின் சோக் பக்கம் திரும்பினால் ‘ம்ம்ம்’ என்று உறுமியது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வேலையைத் தொடர்ந்தேன். நெக் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் காது பெரிதாகக் கவனிப்பதில்லை. பிரிட்ஜ் பக்கம் அதே ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் வேறு வாத்தியம் மாதிரி இருக்கிறது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. தந்தி பிரிட்ஜில் அசையாமல் கட்டுண்டு கிடக்கிறது, விலக விலகத்தான் அதற்கு ஆட்டம். ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மிமீ, அதாவது தந்தி நீளத்தில் கால்பங்கு. பிரிட்ஜ் பிக்கப்பின் மையம் சுமார் 41 மிமீ. ஒரே மீட்டலுக்கு, அடிப்படைச் சுரத்தின் அசைவு நெக் பிக்கப்புக்கு எதிரே மூன்றரை மடங்கு அதிகம். மேல் ஹார்மோனிக்குகள் சராசரியில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய சம பலத்தோடு இருப்பதால், பிரிட்ஜ் ஓரத்தில் அவை மட்டும் தூக்கலாகக் கேட்கின்றன. (நெக் பிக்கப் 24-ஆவது ஃபிரெட் இருக்க வேண்டிய இடத்தில் நிற்பதால்தான் அந்த இனிமை என்று ஒரு கதை உண்டு. ஏதாவது ஒரு ஃபிரெட்டில் விரல் வைத்த கணமே தந்தியின் நீளம் மாறிவிடுகிறது. கதையும் முடிந்துவிடுகிறது.)

சரி, சாய்வு? ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 10 மிமீ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நேராக வைத்திருந்தால் எல்லாத் தந்திக்கும் 41. சாய்த்தால் தடித்த தந்திக்கு 46, மெல்லியதற்கு 36. தடித்த தந்தியின் அடிப்படைச் சுரம் 12 சதவீதம் போல ஏறுகிறது, மெல்லியதில் அதே அளவு இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு டெசிபல். காது வைத்துக் கேட்டால் தெரியும். தெருவே திரும்பிப் பார்க்கும் மாற்றம் ஒன்றும் இல்லை.

இந்த ஒரு டெசிபலின் பூர்வீகத்தைத் தேடினால் 1954 பிந்திய தேதி. அந்த வருஷம் ஸ்ட்ராட் இந்தச் சாய்வைத் தன் அண்ணன் டெலிகாஸ்டரிடமிருந்து வாங்கிக்கொண்டது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் செய்து விற்றுக்கொண்டிருந்தவர், 1949-இல் பைன் மரத்தில் ஒரு மாதிரி கிட்டார் செய்தார். 1950 ஜனவரியில் பிரிட்ஜையும் பிக்கப்பையும் ஒரே பாகமாகச் சேர்த்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1951 அக்டோபரில் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எஸ்கொயர் வந்தது, பிராட்காஸ்டர் வந்தது. அந்தப் பெயரில் தங்களிடம் ட்ரம்ஸ் இருக்கிறது என்று கிரெட்ஷ் கம்பெனி ஆட்சேபித்ததால், 1951-இல் அது டெலிகாஸ்டர் ஆனது. இரும்புத் தகட்டின் நடுவே சாய்வாக வெட்டிய குழியில் பிக்கப்.

என்னை நிறுத்தியது அந்த 1949 மாதிரிதான். அதில் பிக்கப் ஒன்றே ஒன்று. பிரிட்ஜ் ஓரத்தில், அப்போதே சாய்வாக. நெக் பிக்கப் கிடையாது, தட்டுவதற்கு சுவிட்சும் கிடையாது.

இன்னும் பின்னால் போனேன். மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த கிப்சன் கம்பெனி 1940-இல் இ.எஸ். 300 என்று ஒரு கிட்டார் வெளியிட்டது. அதன் படத்தை முதலில் பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். கிட்டாரின் முகத்தில் நீண்ட செவ்வகப் பிக்கப் ஒன்று மூலைவிட்டமாகக் கிடக்கும். மெல்லிய தந்திகளுக்குப் பிரிட்ஜ் அருகில் தொடங்கி, தடித்த தந்திகளுக்கு நெக் வரை போகும். ஒவ்வொரு தந்திக்கும் அதற்குப் பொருந்தும் இடத்தை ஒரே பிக்கப்பால் கொடுத்துவிடும் துணிச்சல். அடுத்த ஆண்டே அதைச் சுருக்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால் போனால், 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கிய ரிக்கன்பேக்கர் ‘வாணலி’ கிட்டார். குதிரை லாட வடிவ காந்தங்களுக்கு நடுவே தந்திகள் போகும், பிக்கப் நேராகத்தான் நிற்கும். அந்தக் காலத்துக்கு மின்சாரத்தில் சத்தம் வந்ததே பெரிய விஷயம்.

ஆக, என் கணிப்பு இது. சாய்வு என்பது ஒற்றைப் பிக்கப் கிட்டாரின் சமரசம். இரண்டு இடம் வேண்டும், பிக்கப் ஒன்றுதான் என்றால் சாய்ப்பதைத் தவிர வழியில்லை. 1956-இல் ஃபெண்டர் மாணவர்களுக்காக மியூசிக்மாஸ்டர் கொண்டுவந்தபோது அதில் ஒரே பிக்கப், நெக் பக்கம், சாய்வாக. கூடவே வந்த டுவோ-சானிக்கில் பிரிட்ஜ் பிக்கப்பும் உண்டு. அது நேராக நிற்கிறது! 1958 ஜாஸ்மாஸ்டரிலும் 1962 ஜாகுவாரிலும் இரண்டிரண்டு பிக்கப்புகள், எல்லாம் நேர். சாய்வு ஒலியின் சட்டமாக இருந்திருந்தால், தன் விலை உயர்ந்த கிட்டார்களில் லியோவே அதைக் கைவிட்டிருப்பாரா? ஸ்ட்ராட்டில் அது தங்கியது பழக்கத்தால்தான் என்று படுகிறது. 1964 மஸ்டாங்கில் இரண்டு பிக்கப்புகளும் சாய்வு. அது மட்டும் என் கணிப்புக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப்பை ஃபெண்டர் அதிகம் சீண்டவில்லை என்பதற்கு இன்னொரு தடயம். பழைய ஸ்ட்ராட்டில் இரண்டு டோன் குமிழ்கள்: ஒன்று நெக்குக்கு, ஒன்று நடுப் பிக்கப்புக்கு. மூன்றிலும் கூச்சல் போடுவது பிரிட்ஜ் பிக்கப். அதைத் தணிக்க அதற்குக் குமிழே இல்லை.

சாய்வைத் திருப்பிப்போட்டவர்களில் பெரிய பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இடதுகைக்காரர். வலதுகை ஸ்ட்ராட்டைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அதனால் தடித்த தந்தி பிரிட்ஜை ஒட்டிய முனையிலும் மெல்லியது விலகிய முனையிலும் போய் நின்றன. தடித்ததில் இறுக்கம், மெல்லியதில் கொஞ்சம் சதைப்பிடிப்பு. என் பலகையில் அதே மாதிரி வைத்துக் கேட்டபோது, டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவர்களுக்கு இந்தத் திசைதான் பொருத்தம் என்று தோன்றியது, கீழ்ச்சுரங்கள் கொழகொழப்பதில்லை. 2015-இல் ஃபெண்டரே ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் வலதுகைக்காரர்களுக்கு எதிர்ச்சாய்வு வைத்த ஒரு ஸ்ட்ராட்டை விற்றது.

எட்டி வான் ஹேலன் கதை வேறு. கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கர் ஒன்றை ஸ்ட்ராட் வடிவ மரத்தில், பிரிட்ஜ் ஓரத்தில், சாய்த்துப் பொருத்தினார். இந்தச் சாய்வுக்குக் காரணம் தந்தி இடைவெளி. கிப்சன் பிக்கப்பின் காந்த முனைகள் முதல் தந்திக்கும் ஆறாவதுக்கும் இடையே சுமார் 49 மிமீ அகலம். ஃபெண்டர் வகைப் பிரிட்ஜில் அந்த இடத்தில் தந்திகள் 52 மிமீக்கு மேல் விரிந்திருக்கும். வெறுமனே சாய்த்தால் அகலம் குறையத்தானே செய்யும் என்று எனக்கும் குழப்பம் இருந்தது. ஹம்பக்கருக்கு இரண்டு வரிசை என்பதில் விடை இருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே சுமார் 18 மிமீ. ஒரு வரிசையின் முதல் முனையிலிருந்து மற்ற வரிசையின் கடைசி முனைக்கு மூலைவிட்டமாக அளந்தால், 15 டிகிரி சாய்வில் 52 மிமீ கிடைத்துவிடுகிறது. இன்று ஃபெண்டர் இடைவெளிக்கென்றே அகலமான ஹம்பக்கர்கள் கிடைப்பதால், இந்த வித்தை தேவையில்லை. ஆனாலும் அழகுக்காகச் சாய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கென்று செய்யக் கொடுத்த கிட்டாருக்கு எந்தப் பிக்கப் வாங்குவது என்பதற்கு இத்தனைக்குப் பிறகே வந்தேன். கடையில் முதலில் சொல்வது கிலோ ஓம் கணக்கு. அது சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடை மட்டும். மெல்லிய கம்பியைச் சுற்றினாலே எண் ஏறிவிடும். டெலி பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் இருக்கும் செம்பு பூசிய தகடும், சுற்றியிருக்கும் இரும்புப் பிரிட்ஜும் அதன் குரலை மாற்றுகின்றன, ஓம் கணக்கில் அது தெரியவே தெரியாது. தந்தி குறைவாக ஆடும் இடம் என்பதால் பிரிட்ஜுக்குக் கூடுதல் சுற்று வேண்டும், அல்லது தந்தியை நெருங்கிய உயரம் வேண்டும். உயரத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். இடம் தவறினால் மரத்தைக் குடைய வேண்டும். கடைக்காரர் பிக்கப்பை விற்கலாம், 5 மிமீயை விற்க முடியாது.

நான் செய்யக் கொடுத்திருப்பது ஒற்றைப் பிக்கப் கிட்டார். ஆகவே சாய்வு, லியோவின் திசையிலேயே. நான் டிஸ்டார்ஷன் ஆள் கிடையாது. வரைபடத்தில் 46, 36 என்று எழுதியதும் மரவேலை செய்பவர் ஒன்று கேட்டார்: “எதிலிருந்து அளக்கணும் சார்?” நல்ல கேள்வி. சுருதி சரிசெய்யும்போது தடித்த தந்தியின் சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) சில மில்லிமீட்டர் பின்னால் போகும், மெல்லியதன் சேடில் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். சேடிலிலிருந்து அளந்தால் பிக்கப்பை வைக்கும் முன்பே பிரிட்ஜில் ஒரு சாய்வு இருக்கிறது. 648 மிமீ கோட்டிலிருந்து அளக்கச் சொல்லி, தடித்த பக்கத்து 46-ஐ அடித்துவிட்டு 43 என்று திருத்திக் கொடுத்தேன்.