வீட்டின் இங்கிலீஷ்

ஃபீனிக்ஸுக்கு வேலை மாறி வந்த வருஷம், சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்குப் பதினாறு வயசு. கணக்கு நன்றாக வரும். ஆனால் பாதியில் போன் அடிக்கும், எழுந்து போய்விடுவான். கிளினிக், வாடகை ஆபீஸ், கரண்ட் பில். அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். அந்த வீட்டின் இங்கிலீஷ் இவன்.

தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. நான்காவது வாரம் கேட்டுவிட்டேன். "எல்லாத்துக்கும் நீயே போகணுமா? உன் படிப்பையும் பாரு."

கோபப்படவில்லை. "நான் போகலேன்னா வேற யார் போவா?" என்றான். எனக்குத்தான் விஷயம் புரியவில்லை என்கிற தொனி.

ஸ்பானிஷில் ஒரு பிள்ளையை 'பியென் எதுகாதோ' என்று சொன்னால் நன்றாகப் படித்தவன் என்று அர்த்தமில்லை. நன்றாக வளர்க்கப்பட்டவன், பெரியவர்களை மதிக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம். நான் முதலாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் இரண்டாவதாக இருந்தான்.

ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்க, ஆசியப் பின்னணிப் பிள்ளைகள் குடும்பக் கடமையை மற்றவர்களைவிட அதிகம் மதித்தார்கள். ஆனால் நல்ல மார்க் வாங்கியவர்கள் அதை மிதமாக மதித்தவர்கள். மிகக் குறைவாக மதித்தவர்களைப் போலவே மிக அதிகமாக மதித்தவர்களும் பின்தங்கினார்கள். சரி, போன் அடிக்கும்போது எது மிதம்?

ஒருநாள் அம்மாவே வந்தார். பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். மொழிபெயர்த்தது அவன்தான். "மூணு வகுப்பு வரல, மார்க் குறையுது" என்றேன். என் அரைகுறை ஸ்பானிஷில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்லும் விடாமல், தனக்கு எதிராக, அப்படியே சொன்னான்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், காலேஜிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு அரியர் என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டேன். அப்பா நம்பினார். இந்தப் பையனுக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் முழுசாக உட்கார்ந்தான். கிளம்பும்போது, "இன்னைக்கு அம்மாகூட யார் போயிருக்கா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி."

அவளுக்குப் பதினொரு வயசு.