வலப்பக்கக் கணக்கு

மனிதன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் கணக்கு பெரும்பாலும் ஒருபக்கக் கணக்காகவே அமைந்துவிடுகிறது. கணக்கெழுதுவதையே தொழிலாகக் கொண்டு வயிறு வளர்த்த நாமே இதை நாற்பது வயதில்தான் கண்டுகொண்டோம் என்றால், பிறரைச் சொல்லிப் பயனில்லை.

1979-ல் நாம் குவைத்துக்குக் கப்பலேறினோம். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. எஞ்சிய நாட்களில் மடலும் டிராப்டும்தான் நாம் குடும்பத்தோடு வாழ்ந்த வாழ்க்கை. தம் கையுழைப்பிலிருந்தே உண்டு வந்தார்கள் தாவூத் நபி (அலை) என்னும் நபிமொழியை நம் துணைவியாருக்கு எழுதிய மடலொன்றில் எடுத்துக்காட்டியிருந்தோம். நம்மையும் அந்த வரிசையில் வைத்துக்கொண்ட பெருமிதம் அதில் இருந்தது. குளிரூட்டிய அறையில் பேனா பிடிப்பது கையுழைப்புத்தானா என்ற ஐயம் அப்போது எழவில்லை.

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. ஓரிரவில் ஊதியம், சேமிப்பு, அஞ்சல் யாவும் நின்றன. பஸ்ரா, பக்தாத் வழியாகப் பேருந்தில் ஜோர்தான் எல்லையை அடைந்து, பாலைவனக் கூடாரத்தில் காத்துக் கிடந்து, அம்மானில் விமானம் ஏறினோம். அந்த ஆண்டு ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர் அளவில் அவ்வாறு தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் நாமும் ஒருவர். கையில் ஒரு பை. வழிநெடுக நம் உள்ளத்தை அரித்ததெல்லாம் ஒன்றே: நம் பணம் நின்ற பின் வீட்டில் அடுப்பு எரிகிறதா?

பத்தமடையில் வந்து இறங்கியபோது அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கடன்காரர் எவரும் வாசலில் இல்லை. துணைவியாரின் ஒரு ஜோடி வளையல் மட்டும் கையில் இல்லை. தாழ்வாரத்தில் பாய்த்தறி விரிந்திருந்தது.

பத்தமடைப் பாயைப் பற்றி வெளியூர் வாசகர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் நுண்ணிய இழைகளாகக் கீறுவர். கன்னடியன் கால்வாய் நீரில் ஊறிய கோரையின் மணம் நம் இளமையின் மணம். பருத்தி நூலைப் பாவாக நீட்டி, ஒவ்வொரு கோரையாகக் குச்சியால் நுழைத்து, அச்சால் அடித்து நெருக்க வேண்டும். பாவு நூல் ஐம்பது என்றால் முரட்டுப் பாய்; நூறைத் தாண்டினால் நயமான பாய். அதற்குப் பட்டுப்பாய் என்று பெயர். பட்டைப்போல் மடியும் என்பதால் வந்த பெயர் அது. 1953-ல் இங்கிலாந்து அரசியார் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் அனுப்பப்பட்டதை ஊரார் இன்றும் சொல்லிக் கொள்வர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. நயமான பாயொன்று முடிய வாரங்கள் பல செல்லும். அதற்குக் கிடைக்கும் கூலியைச் சொன்னால் வாசகர் நம்பமாட்டார், ஆதலால் சொல்லவில்லை.

கடன் எவ்வளவு என்றறிய, துணைவியாரின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினோம். இடப்பக்கத்தில் நாம் அனுப்பிய டிராப்டுகள் தேதி தவறாமல் பதிவாகியிருந்தன. வலப்பக்கத்தில் பாய்க்கூலி. அது ஆகஸ்டில் தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பின்னோக்கிப் புரட்டினோம். 1990, 1988, 1986 என்று சென்று 1983-ல் போய் நின்றது. ஓடு மாற்றியது, மூத்த மகளின் பள்ளிச் செலவு, நம் உம்மாவின் கண் சிகிச்சை எல்லாம் வலப்பக்கத்திலிருந்தே நடந்திருந்தன. அந்தச் சிகிச்சையை நம் பணத்தால் நடந்ததாகவே எண்ணி, குவைத் நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்திருந்தோம்.

நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஏதோ நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, "இதை ஏன் நமக்கு எழுதவில்லை?" என்று கேட்டோம். அவர் கோரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எழுதியிருந்தா அங்கே உங்களுக்கு மனசு தாங்குமா?" என்றார். குற்றச்சாட்டின் தொனி அதில் துளியும் இல்லை. அதுதான் தைத்தது. ஏழாண்டுகளாக நம் வருவாயோடு நம் தன்மதிப்பையும் சேர்த்து அவர் காப்பாற்றி வந்திருக்கிறார்!

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுப் பொருளீட்டி அதை ஏழைகளுக்கு ஈந்தார்கள் என்பதை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததையும் அறிவோம். அறிந்தவை அனைத்தும் பிறர் வீட்டுக்கு என்று வைத்திருந்தோம்.

அடுத்த நாள் ஃபஜ்ருக்குப் பின் தறியின் ஓரத்தில் போய் அமர்ந்தோம். கோரை நுழைக்கும் வேலை நமக்கு வந்தது. முதல் நாளில் ஒடித்த கோரைகளுக்குக் கணக்கில்லை. ஒன்பது வயது மூத்த மகள்தான் நமக்கு உஸ்தாத். "இழுக்காதீங்க வாப்பா, நனைச்சுக்கிட்டு மெல்ல விடுங்க" என்பாள். விடுப்பில் வரும்போதெல்லாம் மிட்டாயை வாங்கிக்கொண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்த பிள்ளை, நம் விரலைப் பிடித்து வைத்துத் திருத்தியது அப்போதுதான்.

வேலையின்றி ஊரிலிருந்த அந்தப் பத்து மாதமும் இல்லம் பாயில்தான் நடந்தது. 1991-ல் குவைத் மீண்ட பின் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. சென்றோம். சென்றிருக்கக் கூடாது என்று எழுதினால் இக்கட்டுரை அழகாக முடியலாம். ஆனால் இரண்டு பெண்மக்களின் படிப்பும் திருமணமும் பாய்க்கூலியில் நடந்திருக்குமா? ஐந்தாண்டு இருந்து 1996-ல் நிரந்தரமாகத் திரும்பினோம். இம்முறை ஒரு வேறுபாடு: மாதந்தோறும் வலப்பக்கத்தையும் நகலெடுத்து மடலோடு அனுப்புமாறு கேட்டுக்கொண்டோம். நம் இடப்பக்கத்தை விட அதைத்தான் ஆவலோடு படித்தோம். எந்தப் பாயில் சாயம் சரியாக ஏறவில்லை, எந்த வியாபாரி தவணை சொன்னான் என்பதெல்லாம் அறைத்தோழர்களுக்கே மனப்பாடம்.

இப்போது துணைவியாருக்குக் கண் மங்கிவிட்டது. நயமான பாவை அவரால் எண்ண முடிவதில்லை. நாம் எண்ணிச் சொல்கிறோம். பேத்திகள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். தறியில் அமர அவர்களுக்கு நாட்டமில்லை. வற்புறுத்த நமக்கும் மனமில்லை. மகள் வயிற்றுப் பேத்தியின் நிகாஹுக்கென்று ஒரு பாய் தறியில் கிடக்கிறது. விரல் வலிக்கிறது, வேண்டாம் என்று நாம் சொன்னதை அவர் கேட்கவில்லை. இன்னும் முக்கால் முழம் பாக்கி. கோரை இந்நேரம் நனைந்திருக்கும், கூப்பிடுகிறார்.