கத்தி படாத வைத்தியம்

ஆயாவுக்குத் தெரிந்த வைத்தியம் சாவிக்கொத்துதான். அக்காவுக்கு வலிப்பு வந்தால் பீரோ சாவியை அவள் கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்வார். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டு தானாக நின்றுவிடும். "இரும்பு பட்டதும் அடங்கிடுச்சி பாரு" என்பார். நாங்களும் நம்பினோம்.

1980களின் தொடக்கம். படூருக்குக் காலேஜ் வராத காலம். ஏரி, நெல்வயல், சவுக்குத் தோப்பு; கேளம்பாக்கத்தைத் தாண்டினால் உப்பளம். இன்றைய ஓ.எம்.ஆர். அப்போது எங்களுக்கு மகாபலிபுரம் ரோடு. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். அந்த ரோட்டில் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோவளம் தர்காவுக்குப் போனோம். திருப்போரூர் முருகனுக்கு உப்பும் மிளகும் போட்டோம். வலிப்பு மட்டும் நின்றபாடில்லை.

பள்ளிக்கூட வாத்தியார்தான் அப்பாவிடம் சொன்னார்: "சாமிக்குச் செய்யறதைச் செய்யுங்க, வேணாங்கல. தரமணி வி.எச்.எஸ்.ஸுக்கும் ஒருநடை போயிட்டு வாங்க. மூளை டாக்டர் ராமமூர்த்தி அங்கதான் இருக்காரு."

மூளை டாக்டர் என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பொட்டப்பிள்ளையின் மண்டையைத் திறந்துவிடுவார்கள் என்று பயம்.

அந்த டாக்டர் யார் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பி. ராமமூர்த்தி 1922-ல் சீர்காழியில் பிறந்தவர். இங்கிலாந்தில் நியூகாசிலில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை, நரம்பு அறுவைக்கென்று தனித் துறையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூரில் ஜேக்கப் சாண்டி இந்தியாவிலேயே முதன்முறையாக அதை ஆரம்பித்திருந்தார். சி.டி. ஸ்கேன் வருவதற்கு இன்னும் இருபது ஆண்டு இருந்தது. மண்டைக்குள் காற்றையோ ரத்தக் குழாயில் மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்துக் கட்டி இருக்கும் இடத்தை ஊகிக்க வேண்டும். பிறகுதான் கத்தி. 1951-ல் சாண்டி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பியல் நிலையம் உருவானதும் அவர் முயற்சியால்தான். 1973-ல் பத்மபூஷண். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காராமல் தரமணிக்கு வந்துவிட்டார்.

வி.எச்.எஸ்., டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. குடும்ப வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் என்பது அவர் வைத்த முறை. எங்களைப் போன்றவர்கள் தயங்காமல் படியேற முடிந்தது அதனால்தான்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல், சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஈ.இ.ஜி. சரியாக எடுக்க முடியாதாம். அக்காவின் கூந்தலை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். "கரன்ட்டு வெக்கப் போறாங்களா?" என்று அம்மா என் காதில் கேட்டாள். அது ஒயர் ஒட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. "நாங்க வெக்கலம்மா. பாப்பா தலையில இருக்கிற கரன்ட்டைத்தான் இந்த மிஷின் எழுதுது" என்றார் சிரித்துக்கொண்டே. நீளக் காகிதத்தில் பேனா முள்கள் வரிசையாக நெளிந்துகொண்டு போயின.

அறுவை வேண்டியிருக்கவில்லை. ராமமூர்த்தியைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. அங்கிருந்த ஓர் இளம் டாக்டர்தான் கார்டினால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருநாள்கூட விடக் கூடாது என்றார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், அவ்வளவுதான் என்று விளக்கினார். ஆயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது அக்காவை ஒழுங்காக ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, சாவியையும் கையில் கொடுத்தார்.

மாத்திரை வாங்க மாதாமாதம் தரமணிக்குப் போனோம். வலிப்பு குறைந்து, பிறகு நின்றேவிட்டது. அறுவை மருத்துவர் என்றால் கத்தியைத்தான் நினைக்கிறோம். ராமமூர்த்தியின் கத்தி எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை; அவரை நம்பிப் போன இடத்தில், அவர் இல்லாமலே எங்கள் காரியம் நடந்தது. ஒரு துறையைக் கட்டுவது என்றால் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மகன் ரவி ராமமூர்த்தியும் அதே நரம்பியல் அறுவைக்கே போனார்.

அக்காவுக்கு வரன் பார்த்தபோது சொந்தக்காரர்கள் மறைக்கச் சொன்னார்கள். காரணம் இருந்தது. அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக 1976-ன் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்திருந்தது. 1999-ல்தான் அதை எடுத்தார்கள். அம்மா மறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன் மாத்திரை அட்டையை வைத்து, "இதைத் தின்னா ஒண்ணும் வராது, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். டாக்டர் பெயரைக் கேட்டு அழுத அதே அம்மா. கல்யாணம் 1990-ல் நடந்தது. ராமமூர்த்தி 2003 டிசம்பரில் காலமானார். செய்தியைப் பேப்பரில் எனக்கு முன்பே பார்த்துவிட்டு, போன் செய்து சொன்னது அக்காதான்.