9.4-க்கு எதிரே ‘இல்லை’

மெட்ரோ நிலையத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருக்கமாக எழுவதை நான் எதிர்ப்பவன் அல்ல. ரயிலிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்கும் வேலைக்கும் போக முடிந்தால் சென்னைக்கு அது பெரிய நன்மை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு தெருவின் குடியிருப்பாளர்களுக்காக நான் நடத்திய வழக்கு முதன்முதலாக விசாரணைக்கு வந்த அன்றே அமர்விடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்கினேன். என் கட்சிக்காரர்களின் குறை வேறு.

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெரு. மெட்ரோ வந்த சில ஆண்டுகளில் பழைய தனி வீடுகள் கைமாறின. நான்கு மனைகளில் நான்கு பில்டர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பள்ளம் தோண்டினார்கள். இரண்டு கட்டடங்கள் 20,000 சதுர மீட்டரைத் தாண்டியவை. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டியவை. மற்ற இரண்டும் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டன. அவற்றுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. அனுமதி வேண்டிய இரண்டுக்கும்கூடப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. கட்டுமானத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. தெருக்காரர்கள் வாய் திறக்கக் கிடைத்த முதல் இடம் சேப்பாக்கம் கலச மஹாலில் உள்ள தீர்ப்பாயம்தான்.

மனுதாரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், உறையின் உட்பக்கத்தில் பாசி முடியும் இடத்தைக் காட்டினார். அதற்குக் கீழே உறைகள் வெளுத்துக் கிடந்தன, அடியில் சேறு. “2003 பஞ்சத்துலயே தெருவுக்கெல்லாம் தண்ணி குடுத்த கிணறு தம்பி இது. இப்ப ஐப்பசி மாசத்துல வாளி தரை தட்டுது” என்றார். வாசலுக்கு வந்தால், மழைநீர் வடிகாலின் மூடியை நகர்த்திவிட்டுத் தடித்த குழாய்களைச் செருகியிருந்தார்கள். பள்ளத்தில் ஊறும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காகப் போட்ட வடிகாலில் மழைக்கு இடமில்லை.

ஒரு பள்ளத்தில் நீர் இறைத்தால் அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலச் சரியும். பக்கத்துப் பள்ளத்தின் புனல் அதன்மேல் வந்து விழும் இடத்தில் இரண்டு இறக்கமும் ஒன்றுசேரும். அந்த அம்மாவின் கிணறு அப்படி ஓர் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பில்டரும் தன் மனையை மட்டும் அளந்து ஓர் அறிக்கை வைத்திருந்தார். தனித்தனியாகப் படித்தால் எதிலும் பெரிய பிழை இல்லை.

கோப்புகளைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. அனுமதி கோரும் படிவம் 1-ல் 9.4 என்றொரு கேள்வி உண்டு: அருகில் உள்ள, அல்லது வரவிருக்கும் இதே போன்ற திட்டங்களோடு சேர்ந்து கூட்டுத் தாக்கம் ஏற்படுமா? இரண்டு விண்ணப்பங்களிலும் அதற்கு எதிரே ‘இல்லை’ என்றிருந்தது. இரண்டு மனைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மதில் சுவர். இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்து, மனுவோடு இணைத்தேன்.

இன்னொன்றும் அதே கோப்புகளில் இருந்தது. ‘மெட்ரோ பக்கத்திலேயே இருப்பதால் மக்கள் ரயிலில் வருவார்கள், சாலையில் நெரிசல் அதிகமாகாது’ என்று ஒரு பக்கத்தில் எழுதியவர்கள், வேறு பக்கத்தில் கார் நிறுத்தப் பல அடுக்கு அடித்தளம் காட்டியிருந்தார்கள். கட்டட விதிகள் கார் நிறுத்தம் கேட்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காருக்காகத்தான் பள்ளம், பள்ளத்துக்காகத்தான் பம்பு, பம்பினால்தான் வறண்ட கிணறும் தெரு வீடுகளில் விரிசல் விட்ட சுவரும். ரயிலை நம்பிக் கட்டுகிறோம் என்றால் இந்த ஆழம் எதற்கு என்று கேட்டேன்.

காலக்கெடு காரணமாக ஓர் அனுமதியை மட்டுமே மேல்முறையீட்டில் எதிர்க்க முடிந்தது. மற்றவற்றின் நீர் இறைப்பைத் தனி மனுவில் கொண்டுவந்தோம். அலக்நந்தா நீர்மின் திட்ட வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அணைகளின் கூட்டுத் தாக்கத்தை ஆராயச் சொன்ன தீர்ப்பைக் காட்டினேன். “அது இமயமலை, இது ஒரு தெரு” என்றார் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர். அப்போது தீர்ப்பாயத்தின் நிபுணர் உறுப்பினர் குறுக்கிட்டு, நான்கு பள்ளத்திலும் ஒரே நேரத்தில் இறைத்தால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா என்று கேட்டார். நான்கு தரப்பிலும் பதில் இல்லை. வழக்கு திரும்பியது அந்த இடத்தில்தான்.

அனுமதி ரத்தாகவில்லை. நான்கையும் சேர்த்து ஆராய ஒரு கூட்டுக் குழு. அறிக்கை வரும்வரை மேற்கொண்டு தோண்டத் தடை. இறைத்த நீரை மறுசெறிவுக் கிணறுகள் வழியே நிலத்துக்கே திருப்ப வேண்டும் – இவைதான் உத்தரவு. ஒரு பில்டர் கடைசி அடித்தளத்தைக் கைவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் கிணற்றில் ஓரளவு நீர் ஏறியது. சுவர் விரிசலுக்கு இழப்பீடு கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2023 ஜனவரி 10 அன்று சண்டிகர் குடியிருப்போர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், நகர வளர்ச்சிக்கு அனுமதி தருமுன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட வழிசெய்யுமாறு சட்டம் இயற்றுவோரையும் கொள்கை வகுப்போரையும் கேட்டுக்கொண்டது. சென்னையில் அதற்கான தேவை பெரிது: மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அரை கிலோமீட்டருக்கு நீர், வடிகால், மரம், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து, முதல் பள்ளத்துக்கு முன்பே ஒரே மதிப்பீடு செய்ய வேண்டும். இப்போது நான் தாக்கல் செய்யும் மனுக்களில் முதல் பரிகாரமாக இதைத்தான் கேட்கிறேன்.