இரும்பொலியில் ஒரு தாய்மொழி

தமிழாசிரியர்க்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. ஓசை நயம் என்றவுடன் எதுகையும் மோனையும் இயைபும் மட்டுமே நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு அப்பால் எழும் ஓசை அனைத்தையும் 'இரைச்சல்' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டு அமைதி கொள்வோம். அக்குறை நமக்கும் இருந்தது. இன்னும் முற்றாக நீங்கிவிட்டது எனச் சொல்வதற்கில்லை. ஆயினும், குறை இருக்கிறது என்னும் உணர்வையேனும் நாம் பெற்றோம். அவ்வுணர்வைத் தந்தது யாப்பிலக்கண நூல் எதுவும் அன்று. வங்கதேசத்தின் தலைநகராகிய டாக்காவில் நாற்பதாண்டுகளுக்கு முன் தோன்றிய ஓர் இசைக்குழு. அதன் பெயர் 'வார்ஃபேஸ்'.

2024ஆம் ஆண்டு ஒருநாள் மாலை, வகுப்புகள் முடிந்த பின் நூலகத்தின் தாழ்வாரத்தில் மாணவர் ஒருவர் காதொலிக் கருவியுடன் அமர்ந்திருந்தார். வணிகவியல் பயில்பவர்; பகுதி ஒன்று தமிழுக்கு நம்மிடம் வருபவர். "என்னப்பா கேட்கிறாய்?" என்றோம். அவர் எழுந்து நின்று, கருவியின் ஒரு முனையை நம்மிடம் நீட்டினார். செவியில் வைத்ததும் இரும்புப் பட்டறை ஒன்றினுள் நுழைந்தாற்போல் இருந்தது. முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தோம்.

"வங்காளப் பாட்டு ஐயா. ரியாதில் அண்ணனோடு ஒரே அறையில் இருக்கும் சிட்டகாங்காரர் அனுப்பியது. பொருள் தெரியாது. இப்படியெல்லாம் ஆங்கிலத்தில்தான் பாட முடியும் என்று நினைத்திருந்தேன். இவர்கள் தங்கள் பேச்சிலேயே பாடுகிறார்கள்" என்றார். சற்று நிறுத்தி, "போன வருடம் இதே மாதிரி ஒரு பாட்டுத் தமிழில் எழுதி உங்களிடம் கொடுத்தேன் ஐயா. இப்போது ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன்" என்றும் சொன்னார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. துறையின் கையெழுத்து ஏட்டுக்காக அவர் தந்த தாளை, "இது பாட்டன்று, இரைச்சல்" என்று கூறி நாம் திருப்பித் தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவே அக்குழுவின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். இசை ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்க விளக்கம் ஆலிம் பெருமக்களுக்கு உரியது. அதனுள் நாம் புகவில்லை. மொழிக்கு நேர்ந்தது என்ன என்பதே நம் தேடலாயிற்று.

பேரொலியின் பிறப்பு

'ஹெவி மெட்டல்' எனப்படும் இப்பேரொலி இசை இங்கிலாந்தின் ஆலை நகராகிய பர்மிங்காமில் வளர்ந்தது. 'பிளாக் சாபத்' என்னும் குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டை இதன் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இளமையில் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். நரம்புகளை அழுத்துவது எளிதாகும் பொருட்டு அவற்றின் இறுக்கத்தைப் பின்னர்த் தளர்த்தினார். தளர்ந்த நரம்பு தாழ்ந்து ஒலித்தது. அத்தாழ்ந்த, கனத்த ஒலியே ஓர் இசைமரபின் அடையாளமாயிற்று. நாம் இரைச்சல் என்றது ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்த ஒலி என்பதை அறிந்தபோது, முதற்படி இறங்கினோம்.

இவ்விசையில் கிட்டாரின் ஒலி மின்பெருக்கியில் வேண்டுமென்றே சிதைக்கப்படுகிறது. அவ்வாறு சிதையும் ஒலியில் பல சுரங்களைக் கூட்டினால் குழம்பிப்போகும். ஆதலின் அடிச்சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுவர். பழந்தமிழிசையின் பெயர்களில் சொன்னால் குரலும் இளியும். இன்றைய வழக்கில் ச, ப. நமக்கு அறிமுகமான இரண்டு சுரங்களே அங்கே உரத்து நிற்கின்றன.

வங்கத்தின் செவி

வங்க மொழிக்கு உரத்த குரல் புதிதன்று. காஜி நஸ்ருல் இஸ்லாம் (1899–1976) 1922இல் வெளியிட்ட 'வித்ரோஹி' என்னும் கவிதை அம்மொழியில் இடிமுழக்கம் எழ முடியும் என்பதைக் காட்டியது. 1972இல் டாக்காவுக்கு அழைத்து வரப்பெற்ற அக்கவிஞர், அந்நகரப் பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அம்மொழிக்காகக் குருதியும் சிந்தப்பட்டது. 1948இல் உருதுவே பாகிஸ்தானின் ஒரே அரசுமொழி என்று டாக்காவில் அறிவிக்கப்பட்டது. எதிர்த்தெழுந்த மாணவர்கள்மீது 1952 பிப்ரவரி 21ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சலாம், பர்கத், ரஃபீக், ஜப்பார் ஆகியோர் உயிர்நீத்தனர். ஆண்டோரும் எதிர்த்தோரும் ஒரே கலிமாவை மொழிந்தவர்களே. ஆயினும் தாய்மொழியை விட்டுக்கொடுக்க அவ்விளைஞர்க்கு மனம் வரவில்லை. அந்த நாளையே யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

1971இன் விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய ஆஸம் கான் என்னும் இளைஞர், போர் முடிந்தபின் கிட்டாரின் துணையோடு பாடத் தொடங்கினார். மேலைநாட்டுக் கருவிகளைக் கொண்டு, இருப்புப்பாதை ஓரத்துச் சேரியில் மகனை இழந்து அழும் தாயைப் பற்றி எளிய வங்கச் சொற்களில் அவர் பாடினார். வங்கதேச ராக் இசையின் ஆசான் என அவரை அந்நாட்டார் போற்றுவர். 2011இல் மறைந்த அவருக்கு 2019இல் ஏகுஷே பதக் விருது வழங்கப்பெற்றது. மொழிப்போர் நடந்த இருபத்தொன்றாம் நாளின் பெயரால் அமைந்த விருது அது என்பது இங்கே கருதத்தக்கது.

ஆங்கிலத்திலிருந்து வங்காளத்துக்கு

இத்தகைய மண்ணிலும் அடுத்த தலைமுறைக்கு ஒரு தயக்கம் இருந்தது என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்தியது. 1979இல் தோன்றிய 'மைல்ஸ்' குழு தன் முதல் தொகுப்புகளை ஆங்கிலத்திலேயே வெளியிட்டது. 1984இல் கமல், மீர், ஹெலால், நயீமுல், பாப்பி ஆகிய ஐவர் கூடி வார்ஃபேஸ் குழுவைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு 'ராக்ஸ்ட்ராட்டா' தோன்றியது. இவர்கள் தொடக்கத்தில் மேடையேற்றியவை பெரும்பாலும் மேலைநாட்டுக் குழுக்களின் ஆங்கிலப் பாடல்களே. மொழிக்காக உயிர்கொடுத்தோர் நினைவாகக் கட்டப்பட்ட ஷஹீத் மினார் அமைந்த நகரிலேயே, பேரொலி இசைக்குத் தாய்மொழி பொருந்துமா என்னும் ஐயம் நிலவியது. அயலார் இகழ்ந்ததனால் வந்த ஐயமன்று இது. நாமே நம் மொழியைப் பற்றி அறியாமலே கொள்ளும் ஐயம்.

அவ்வையம் நீங்கிய காலம் எது என்று நோக்கினால், அது நாடே மாறிய காலமாக இருக்கிறது. மாணவர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியால் 1990 டிசம்பர் 6ஆம் நாள் எர்ஷாத் பதவி விலகினார். பத்து நாட்களுக்குப் பின், வெற்றித் திருநாளாகிய டிசம்பர் 16 அன்று, டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் அந்நாட்டு இசைக்குழுக்களின் சங்கம் திறந்தவெளி இசை நிகழ்ச்சியொன்றை நடத்தியது. அதுவரை சிறு அரங்குகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் உரியதாக இருந்த இசை, பொதுமக்கள் கூடும் வெளிக்கு வந்தது. வெளிக்கு வந்தபின் மக்கள் மொழியில் பேசாமல் முடியுமா?

1991ஆம் ஆண்டு வார்ஃபேஸின் முதல் தொகுப்பு, குழுவின் பெயரையே தாங்கி, சர்கம் நிறுவனத்தின் ஒலிநாடாவாக வெளிவந்தது. பாடல்கள் வங்காளத்தில் இருந்தன. சஞ்சய் பாட, கமல் கிட்டாரும் பாப்னா பேஸ் கிட்டாரும் ரஸ்ஸல் விசைப்பலகையும் டிப்பு டிரம்ஸும் இசைத்தனர். அதே ஆண்டில் மைல்ஸும் முதல் வங்கத் தொகுப்பை வெளியிட்டது. மறு ஆண்டில் ராக்ஸ்ட்ராட்டாவின் தொகுப்பும் வந்தது. அந்த 1991 ஏப்ரலில்தான் சிட்டகாங் கரையைப் புயல் தாக்கி ஏறத்தாழ 1,40,000 பேரைப் பலிகொண்டது. விடுதலையும் துயரமும் ஒருங்கே வந்த அவ்வாண்டின் இளைஞர்க்குத் தம் நெஞ்சை அயல்மொழியில் திறந்துகாட்டுவது போதவில்லை போலும் என நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஒவ்வாதவர் உரியவரானது

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. இத்தகைய குழுக்களின் இசையைச் சான்றோர் பலர் 'அபசம்ஸ்கிருதி', அதாவது பண்பாட்டுச் சீர்கேடு, என்றனர். நாம் சொன்ன 'இரைச்சல்' என்பதன் வங்க வடிவமே அது. வார்ஃபேஸ் 1998இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'அசாமாஜிக்' என்று பெயரிட்டது. சமூகத்துக்கு ஒவ்வாதவன் என்பது அதன் பொருள். ஒவ்வாதவன் என்னும் சொல்லைக் கூசாமல் தலைப்பில் சூட்டிக்கொண்ட அத்துணிவு நமக்கு நகையையும் நாணத்தையும் ஒருசேர விளைத்தது.

இவர்கள் உரத்து மட்டுமே பாடினார் என்பதும் பிழை. 1994இல் வெளியான இரண்டாம் தொகுப்பின் பெயர்ப்பாடல் 'அபாக் பாலோபாஷா'. வியப்புக்குரிய அன்பு என்பது பொருள். நெடிய கிட்டார் முன்னிசைக்குப் பின், பாப்னாவின் குரலில் மென்மையாகத் தொடங்கும் பாடல் அது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2024இல், 'கோக் ஸ்டுடியோ பங்களா' நிகழ்ச்சியில் அது மீண்டும் பாடப்பெற்றது. ரியாதிலிருந்து நம் மாணவரின் கைப்பேசிக்கு வந்தவற்றுள் அதுவும் ஒன்று. இடைக்காலத்தில் சஞ்சய், மிஜான், பாலம், பலாஷ் எனப் பாடகர் மாறினர். கமலும் டிப்புவும் நிலைத்து நின்றனர். மொழியும் மாறவில்லை.

இவர்களைப் பின்பற்றி 1993இல் தோன்றிய 'கிரிப்டிக் ஃபேட்' குழுவும் முதலில் ஆங்கிலத் தொகுப்பையே வெளியிட்டுப் பின்னர் வங்காளத்துக்குத் திரும்பியது. 2013இல் அது வெளியிட்ட 'நய் மாஸ்' என்னும் தொகுப்பு 1971இன் ஒன்பது மாதப் போரைப் பொருளாகக் கொண்டது. தந்தையர் காலத்துப் போரின் நினைவை மைந்தர் தலைமுறை தாங்கிச் செல்லும் கருவியாகவும் இப்பேரொலி ஆயிற்று. இதனைச் சீர்கேடு என்று எவ்வாறு சொல்வது?

நம் பெட்டகத்தில் இருந்த சாவி

இவ்வளவும் அறிந்தபின், வகுப்பில் பல்லாண்டுகளாக நாம் நடத்திவரும் பாடமே நம்மைப் பார்த்துச் சிரித்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். அவற்றுள் மெல்லிசை வண்ணம் உண்டு. வல்லெழுத்து மிகுந்து வரும் வல்லிசை வண்ணமும் உண்டு. விட்டுவிட்டு நடக்கும் அகைப்பு வண்ணமும், விரைந்து செல்லும் முடுகு வண்ணமும் உண்டு. அம்மாணவரின் தாளில் வல்லினம் மோதிநின்றது. அடிகள் முறிந்து முறிந்து சென்றன. தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நாம் கேட்கும் வண்ணங்கள் கண்ணெதிரே வந்து நின்றபோது, இரைச்சல் என்று விரட்டிவிட்டோம்.

இஸ்லாமியத் தமிழிலக்கியம் கற்பிக்கும் நாம் மறந்திருக்கக் கூடாத செய்தி மற்றொன்றும் உண்டு. மசலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து ஆகியவை அரபு, பாரசீக வழியில் வந்த வடிவங்கள். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிர மசலா'வைத் தமிழில் பாடியபோது, அயல் வடிவம் என்று அவர் தயங்கவில்லை. தமிழ் தாங்காது என்று ஐயுறவும் இல்லை. வடிவம் எங்கிருந்து வந்தால் என்ன? அதில் நம் மொழி குடியேறினால் அது நம் வீடு. டாக்காவின் இளைஞர் 1991இல் செய்ததும் அதுவே. நம் முன்னோர் திறந்துவைத்த கதவை நாம் ஒரு மாணவரின் முகத்துக்கு நேரே சாத்தினோம்.

அம்மாணவரை மறுபடி அழைத்தோம். "அந்தப் பாட்டை மீண்டும் கொண்டு வா" என்றோம். அத்தாளை அவர் வைத்திருக்கவில்லை. "நினைவிலிருந்தாவது எழுதித் தா, இம்மலரில் ஒரு பக்கம் உனக்காகக் கேட்டு வைக்கிறேன்" என்றோம். "பார்க்கிறேன் ஐயா" என்று புன்னகைத்துச் சென்றார். வார்ஃபேஸ் இளைஞர் ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கு வந்துசேர ஏழாண்டுகள் ஆயின. நம் ஒரு சொல் தாய்மொழியிலிருந்து ஓர் இளைஞரை ஆங்கிலத்துக்கு அனுப்ப ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. திரும்பி வரும் வழி நெடிது என்பதை இப்போது அறிகிறோம்.

இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் இந்நாள் வரை அப்பாட்டு வரவில்லை. அதற்கென ஒதுக்கிய பக்கத்தில் இவ்வரிகளின் இறுதிப்பகுதி இடம்பெறுகிறது. அடுத்த மலரிலேனும் அது உரியவர்க்குச் சேர வேண்டும். இளையோர் கொண்டுவரும் புதிய ஓசையைப் பொறுமையோடு கேட்கும் செவியை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!