முதல்ல ஒரு பக்கம்... அப்புறம் மத்த பக்கம்!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எங்கேயிருந்து ஆரம்பிப்பீங்க? நான் குடகுல இருந்து ஆரம்பிச்சேன். ஆமாங்க... காவிரி பிறக்கிற இடத்துல இருந்தே!

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். நானும் ஃப்ரெண்டும் எடுத்த தலைப்பு, முக்கொம்பு மேலணை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி, கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடிச்சிட்டுப் போச்சே... அதேதான். அப்ப நான் ஸ்கூல் பையன். அப்பாகூட பைக்கில் போய் வேடிக்கை பார்த்தவன்.

நாலு நாள் கண்முழிச்சு 38 பக்கம் டைப் பண்ணினோம். கரிகாலன், கல்லணை, காட்டன்னு ஒருத்தரையும் விடலை. கைடு பத்து நிமிஷம் புரட்டிட்டு, 'இதுல என்னதான் சொல்ல வர்றீங்க? ஒரு வரியில சொல்லுங்க'ன்னார். நான் ஃப்ரெண்டைப் பார்க்க, அவன் ஃபேனைப் பார்க்க... அவ்வளவுதான்! வைவாவுக்கு ஆறே நாள். வெளியே வந்ததும் எங்களுக்குள்ள சண்டை வேற. 'எல்லாம் உன்னாலதான்'னு சொல்லிட்டு அவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். நான் ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிட்டேன்.

வீட்ல பாட்டிகிட்ட புலம்பினேன். 'பெருமாளைச் சேவிக்கப் போறேன்னு கிளம்பிட்டு சித்திரை வீதியையே சுத்திண்டிருந்தா எப்படிடா? ஏழு பிராகாரம் இருக்கு. எந்த வாசல் வழியா உள்ளே போறதுன்னு முதல்ல தெரிய வேண்டாமா?' என்றாள் பாட்டி.

அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். மேலே ஒரு கேள்வி: '180 வருஷத்துக்கு மேல நின்ன மதகுகள் ஏன் விழுந்துச்சு?' கீழே ஆறு தலைப்பு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அதுக்கு எங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்குன்னு எழுதிட்டே வந்தேன். 'காரணம்'ங்கிற தலைப்புல பேனா நின்னுடுச்சு. ஆத்துல மணல் அள்ளினதுதான் காரணம்னு பதினோரு பக்கம் அடிச்சு விட்டிருந்தோம். கையில இருந்ததோ வெறும் பேப்பர் கட்டிங். ஆத்துப்படுகை எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஒரு அளவுகூட இல்லை!

38 பக்கத்துல தெரியாத ஓட்டை, ஒரு தாள்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. அவுட்லைன்னா தலைப்புகளை வரிசையா அடுக்கறதுன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். நமக்கு எது தெரியாதுன்னு காட்டிக் கொடுக்கறதும் அதுதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

காலையில ஃப்ரெண்டுக்கு போன் போட்டு, தாளைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'அந்தப் பதினோரு பக்கமும் நான் எழுதினதுடா... தூக்கிடு'ன்னான். சண்டையும் அதோட போச்சு.

கேள்வியையே மாத்தினோம். பழைய அணைக்கும் பக்கத்துல கட்டியிருக்கிற புது கதவணைக்கும் கட்டுமானத்துல என்ன வித்தியாசம்? இதுக்கு நாங்க நேர்ல போய் எடுத்த குறிப்புகள் நிறைய இருந்துச்சு. மதகுகள் விழுந்த காரணத்தைச் சொல்ல எங்ககிட்ட அளவுகள் இல்லைன்னு கடைசியில ஒரு பத்தி. மொத்தம் 19 பக்கம்.

வைவாவுல முதல் கேள்வி என்ன தெரியுமா? 'ஒரு வரியில சொல்லுங்க.' இந்த வாட்டி அவன் ஃபேனைப் பார்க்கலை!

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த ரிப்போர்ட்டுக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுங்க. மேலே கேள்வி, கீழே தலைப்பு, பக்கத்துல ஆதாரம். எந்த இடம் காலியா இருக்கோ, அங்கேதான் உங்க வேலை ஆரம்பம்!