கீரிமலைக்குப் போனோம், கேட்கவும் பழகினோம்

எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு வருடமாக மாதம் ஆயிரம் ரூபா சேர்த்தோம். எல்லாமாக 72,000 ரூபா வந்தது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாட வேண்டும், மறுநாள் நயினாதீவு அம்மனைத் தரிசிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். ஆறு பேரில் நான்கு பேர் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள். ஒரு தங்கச்சிக்கு 2009 இல் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிறாள். எங்களில் மூத்தவர் பெரியம்மா. அவருக்கு எழுபது வயது நெருங்குகிறது.

மடத்தில் தங்கலாம் என்று முதலில் யோசித்தோம். ஆனால் அமாவாசைச் சனத்துக்குள் தங்கச்சிக்குக் கஷ்டம். செயற்கைக் காலை இரவில் கழற்றி வைக்க வேண்டும். உள்ளே போடும் காலுறையை நாள்தோறும் கழுவ வேண்டும். காலின் தழும்பையும் கழுவித் துடைக்க வேண்டும். தண்ணீரும் கிட்டடியில் மலசலகூடமும் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் விளம்பரத்தைப் பார்த்து தொலைபேசியில் கதைத்தேன். "கீழ்த்தளத்தில் குளியலறையுடன் கூடிய அறைகள், 24 மணி நேரமும் தண்ணீர்" என்று விளம்பரத்தில் இருந்தது. கால் ஏலாத பிள்ளை ஒருத்தி வருகிறாள் என்று சொன்னேன். "பிரச்சினை இல்லை அக்கா, கீழ் அறை ஒன்று உங்களுக்கு" என்றார்கள். ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 6,000 ரூபா. மூன்று அறை, இரண்டு இரவு, 36,000 ரூபா. முற்பணமாக 12,000 ரூபாவை வங்கியில் போட்டேன்.

வானில் பரந்தன் வந்து, ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டியபோது எல்லோருக்கும் ஒரே சந்தோசம். பனைகளைக் கண்டதும் பெரியம்மா தான் சிறுவயதில் குடித்த ஒடியற்கூழைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

விடுதிக்குப் போனபோது பின்னேரம் நான்கு மணி. வரவேற்பு மேசையில் இருபது வயதுத் தம்பி ஒருவன் மூன்று திறப்புகளைத் தந்தான். மூன்றும் மேல் மாடி. கீழ் அறைகளை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் சில நாட்களில் நல்லூர்க் கொடியேற்றம், அதனால் சனம் கூட என்றான். மேலே போய்ப் பார்த்தால் இரண்டு அறைகளுக்குப் பொதுவாக ஒரு குளியலறை. பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மோட்டர் பழுதாம்.

தங்கச்சி படியின் அடியில் நின்றபடி, "பரவாயில்லை அக்கா, நான் இருந்து இருந்து ஏறிடுவன்" என்றாள்.

பெரியம்மாவும், "சும்மா விடு பிள்ளை, ரெண்டு இரவுதானே. செட்டிகுளம் முகாமிலை கூடாரத்துக்குள்ளை எத்தினை மாதம் கிடந்தனாங்கள். தண்ணிக்கு எவ்வளவு நேரம் வரிசையிலை நிண்டனாங்கள். இதென்ன பெரிய விசயம்?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியது. வாக்குவாதப்படப் பயம். பெண்கள் மட்டும் வந்திருக்கிறோம், இரவில் வெளியே போகச் சொன்னால் எங்கே போவது என்ற பயம். ஆனால் பெரியம்மா சொன்ன அந்தச் சொல்லே என்னை யோசிக்க வைத்தது. கிடைத்ததைப் பேசாமல் வாங்கிக் கொள்ளும் பழக்கம் முகாமில் வந்தது. முகாமை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. அங்கேயும் தண்ணீர் கேட்பது எங்கள் உரிமைதான், கேட்க வாய் வரவில்லை. இங்கே ஒருவரும் எங்களுக்கு நிவாரணம் தரவில்லை. கோழி வளர்த்தும் தையல் தைத்தும் சேர்த்த காசைக் கொடுத்திருக்கிறோம்.

அந்தத் தம்பியில் கோபிக்கவில்லை. அவன் சம்பளத்துக்கு நிற்பவன். "தம்பி, முகாமையாளரைக் கூப்பிடுங்கோ. அவர் வரும்வரைக்கும் நாங்கள் இதிலை இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு ஆறு பேரும் வரவேற்பறையில் அமர்ந்தோம். அதற்கிடையில் தண்ணீர் வராத பைப்பையும், பொதுக் குளியலறையையும், மாடிப்படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். ஒரு தாளில் விளம்பரத்தில் சொன்னவற்றை இடப்பக்கமும், கிடைத்தவற்றை வலப்பக்கமும் எழுதினேன். சன்னல் சீலை பழசாக இருந்தது. அதைப் பற்றி எழுதவில்லை. புதுச் சீலை தருவதாக அவர்கள் சொல்லவில்லையே.

முகாமையாளர் வந்ததும் முதலில், "சீசன் நேரம் அம்மா, கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கோ" என்றார். நான் விளம்பரத்தையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் அந்தத் தாளையும் முன்னால் வைத்தேன். "ஐயா, கீழ் அறை எண்டு சொல்லித்தான் காசு வாங்கினியள். இந்தப் பிள்ளை கால் ஏலாதவள் எண்டு அண்டைக்கே சொன்னனான். இரவுக்கு முன்னம் கீழை ஓர் அறையும் தண்ணியும் வேணும். ஏலாதெண்டால் முற்பணத்தைத் தாங்கோ, எழுத்திலும் தாங்கோ. நாங்கள் முறைப்பாடு செய்ய வேணும்" என்றேன். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தங்கச்சியின் காலைப் பார்த்தார். கீழே அலுவலகத்துக்குப் பின்னால் அவர் தங்கும் அறை இருந்தது, குளியலறையும் உண்டு. அதை ஒழித்துத் தந்தார். ஏழு மணிக்குத் தண்ணீர் பவுசர் வந்தது. அந்த அறையின் முதல் நாள் வாடகை 6,000 ரூபாவைக் கழிப்பதாகவும் ஒத்துக்கொண்டார். அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தேன். மேல் அறைகளின் குளியலறை பொதுவாகவே இருந்தது. எல்லாம் கிடைக்கவில்லை, முக்கியமானது கிடைத்தது.

மறுநாள் விடியமுன் கீரிமலைக்குப் போனோம். கடலோரமாக இருந்தும் கேணிக்குள் ஊறுவது நன்னீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லாத குறையைச் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரே தீர்க்கிறது. அந்த நீர்தான் இங்கே ஊற்றாக வருகிறது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறியதால் கீரிமலை என்றும், குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி கட்டுவித்த கோயில் மாவிட்டபுரம் என்றும் ஐதிகம். மாவிட்டபுரம் கந்தனின் 25 நாள் திருவிழாத் தீர்த்தமும் ஆடி அமாவாசையில் இங்கேதான். 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பின் பல வருடங்கள் இந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. நினைத்தவுடன் வரமுடியாமல் இருந்த இடம் இது.

பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி உண்டு. தங்கச்சி செயற்கைக் காலைக் கழற்றிப் பெரியம்மாவின் மடியில் கொடுத்துவிட்டுப் படியில் இருந்தாள். நாங்கள் வாளியால் வார்த்தோம். தகப்பனை நினைத்து அவள் அழுதாள். அதன் பிறகு முகம் தெளிந்து சிரித்தாள். அடுத்த நாள் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்கும் போய் வந்தோம். ஊர் திரும்பும்போது மிச்சம் 18,000 ரூபாவைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினோம்.

சகோதரிகளே, எங்களுக்கு முகாமையாளர் செவிசாய்த்தார். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. பாவனையாளரை ஏமாற்றும் விதமாக வியாபாரி நடந்துகொள்ளக் கூடாது என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் தொலைபேசியோடு நிறுத்தாமல், சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. தங்குமிடங்களைப் பதிவு செய்வது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. அதன் தொலைபேசி இலக்கம் 1912. பதிவு உள்ள இடமா என்று காசு கட்டமுன் கேட்டுப் பாருங்கள்.

முற்பணத்தை வங்கியில் போட்டுச் சீட்டை வைத்திருங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் படமாக எடுத்து வையுங்கள். குறையை அன்றைக்கே, அந்த இடத்திலேயே, பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும் என்று இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. தனியே நிற்காமல் ஒரு ஆளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்து சேர்ந்த அடுத்த கிழமை பெரியம்மா கூட்டுறவுக் கடையில் வாங்கிய மாப் பக்கற்றில் திகதி முடிந்திருந்ததைக் கண்டார். முன்பென்றால் அரித்துப் போட்டுப் பிட்டு அவித்திருப்பார். அன்றைக்குப் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார். மாற்றித் தந்தார்களாம். எங்கள் சங்கத்தில் இப்போது அடுத்த பயணத்துக்குக் காசு சேர்க்கிறோம். அறை பதிவு செய்யும் பொறுப்பைப் பெரியம்மாவே கேட்டு வாங்கியிருக்கிறார்.